கைவினைப் பொருளில் எதைப் பார்ப்பது? ஆரி வேலை செய்யும் ஒருவருக்கு எழுதிய பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூத்தையல்) செய்து கொடுத்து வருகிறார். புது டிசைன் வேண்டும் என்று யாராவது கேட்டால் கைப்பேசியை எடுத்து மணிக்கணக்காகப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். பார்த்து முடித்த பிறகு மனத்தில் நிற்பது அதே மயில், அதே மாங்காய், அதே யானை. அன்றாடம் நம் கண்ணில் படும் கைவினைப் பொருள்களிலிருந்தே யோசனை பெறலாம் என்கிறார்களே, அது எப்படி, அதற்கு எங்காவது போய்ப் படிக்க வேண்டுமா, ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர் என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் நெசவாளர்களோடும் பாய் முடைகிறவர்களோடும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகியவள். ஜவுளி வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "சுற்றிலும் பாருங்கள், இயற்கையைப் பாருங்கள்" என்ற வழக்கமான பதில் தவறானது அல்ல. ஆனால் அது எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஒரு கைவினைப் பொருளைப் பார்க்கும்போது நம் கண் முதலில் அதன் உருவத்துக்குத்தான் போகும். அந்த உருவத்தை அப்படியே எடுத்து வந்து வேறொரு துணியில் வைத்தால் பெரும்பாலும் அது செத்துப்போய்க் கிடக்கும். எடுக்க வேண்டியது, அந்த உருவம் அங்கே அப்படி வந்ததற்கான காரணத்தை. அதாவது எந்தப் பொருளால் செய்தார்கள், எப்படி எண்ணினார்கள், எந்த இடத்தில் எதை எதோடு இணைத்தார்கள், எது முடியாமல் போய் எதை வைத்துச் சமாளித்தார்கள் என்பதை. இதைப் படம் காட்டாது. பொருளைக் கையில் வைத்துப் புரட்டினால்தான் தெரியும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரருக்காகப் பத்தமடைப் பாயின் கரையில் குறுக்கே ஓடும் வண்ணப் பட்டைகளை அளவெடுத்து, நிறம் பிசகாமல், பருத்தித் துணியில் அச்சடிக்கக் கொடுத்தேன். வந்த துணியைப் பார்த்த கடைக்காரர், "இது சாதாரணக் கோடு போட்ட துணிதானே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று பாயையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாயில் நிறம் கோடாக இல்லை. சாயம் ஏற்றிய கோரை ஒவ்வொன்றும் பாவு நூலுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, அடியில் புகுந்து புகுந்து வெளிவருவதால், கண்ணுக்குப் பட்டையாகத் தெரிவது உண்மையில் நெருக்கமான சிறு சிறு கட்டைகளின் வரிசை. ஒவ்வொரு கோரையும் சாயத்தை ஒரே அளவில் குடிப்பதில்லை. ஆகவே ஒரே சிவப்புக்குள் நான்கு சிவப்பு இருக்கிறது. பட்டையின் அகலமும் முழுக் கோரைகளின் கணக்கில்தான் கூடும், குறையும். அரைக் கோரை என்று ஒன்று கிடையாது. இவ்வளவையும் கழற்றி எறிந்துவிட்டு மேலே மிஞ்சிய கோட்டை மட்டும் நான் அச்சடித்திருக்கிறேன்.

நீங்கள் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் பத்தமடையைக் கடந்துதான் போகிறீர்கள் என்பதால் அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, பிறகு ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். ஊறிய கோரை உப்பிக்கொள்ளும். அதன் பிறகு அதை மறுபடி காயவைத்து, நாராக மெல்லிதாகக் கிழிப்பார்கள். எவ்வளவு மெல்லிதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயமாகப் பாய் அமையும். பட்டுப்பாய் என்று அவர்கள் சொல்லும் ரகத்தைத் துணியைப்போல மடித்து வைக்கலாம். கல்யாணத்துக்கு மணமக்களின் பெயரை நெய்து வாங்கும் வழக்கம் இருக்கிறதே, அந்த எழுத்துகளை உற்றுப் பாருங்கள். தமிழ் எழுத்தின் சுழியும் வளைவும் கோரையில் வளையாது. ஆகவே வளைவு முழுவதும் படிக்கட்டாக மாறியிருக்கும். அந்தப் படிக்கட்டு எழுத்து, எழுதத் தெரியாதவர் எழுதியதுபோல் இருக்காது. தனக்கென்று ஓர் அழகோடு இருக்கும். எலிசபெத் ராணிக்குப் போன பாய் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நமக்கு அந்தப் பெருமையைவிட இந்தப் படிக்கட்டு உபயோகமானது.

இப்போது இதை உங்கள் வேலைக்குக் கொண்டுவருவோம். பாயின் அடிப்படை விதி ஒரே வாக்கியத்தில் அடங்கும்: தடித்தது படுத்திருக்கிறது, மெல்லியது அதைக் கட்டுகிறது. ரவிக்கையின் கை ஓரத்தில் தடித்த ஜரிகைக் கயிறுகளை ஒன்றையொன்று ஒட்டி ஏழெட்டு வரிசை படுக்கவைத்து, அவற்றை வேறு நிறப் பட்டு நூலால் சம இடைவெளியில் குறுக்கே கட்டிக்கொண்டு போங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் கட்டும் இடத்தை ஒரு முறை நேராகவும் ஒரு முறை இடம் மாற்றியும் வையுங்கள். மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. ஆனால் அதில் பாய் இருக்கும். பார்த்தவர்கள் "இது என்னவோ தெரிந்த மாதிரி இருக்கிறதே" என்பார்கள். மணமகளின் பெயரை ரவிக்கையின் முதுகில் வைக்கச் சொல்லி இப்போது கேட்கிறார்களே, அதையும் வளைந்த எழுத்தாக எழுதாமல், மணிகளை எண்ணிப் படிக்கட்டு எழுத்தாக ஒரு முறை செய்து பாருங்கள்.

பத்தமடைக்கு இறங்கிப் போக நேரமில்லை என்றால் சமையலறைக்குள் போனாலே போதும். ஒயர் கூடை ஒன்று எங்காவது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். காய்கறிக்கும் கோயிலுக்கும் தூக்கிப்போகிற அந்தக் கூடையைக் கைவினை என்று யாரும் மதிப்பதில்லை. பிளாஸ்டிக் என்பதால் நம் கண்காட்சிகளில் அதற்கு இடமும் கிடைப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதன் முடிச்சுகளுக்கு நம் பெண்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட். எந்த வடிவமைப்புப் பள்ளியும் வைக்காத பெயர்கள். நெல்லிக்காய் முடிச்சு உருண்டு திரண்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சிவன் கண்ணில் சுற்றிலும் ஒயர் வளைந்து நடுவில் கண் விழித்ததுபோல் ஒரு புள்ளி அமையும். இந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் எத்தனை முடிச்சு, பக்கத்தில் எத்தனை வரிசை, நிறம் எத்தனையாவது முடிச்சில் மாறுகிறது என்று எண்ணி, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு முடிச்சுக்கு ஒரு கட்டம் என்று நிரப்புங்கள். அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு மணி என்று வைத்தால் அதுவே ஒரு பட்டைக்கான வரைபடம். நெல்லிக்காயின் துருத்தலை வேண்டுமானால் அடியில் நூலை நிரப்பி மேலே பட்டு நூலால் மூடும் லோட் வேலையில் கொண்டுவரலாம்.

எண்ணுவது பற்றிச் சொல்லும்போது நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்கிக்கொள்கிறீர்கள். தோடர்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் பாவையும் குறுக்கே ஓடும் ஊடையையும் விழியாலேயே எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலால், துணியின் பின்பக்கத்திலிருந்து தைத்துக்கொண்டே போகிறார்கள். அந்தத் துணியே அவர்களுக்குக் கட்ட நோட்டு. எருமைக் கொம்பும் பூவும் மலையும் முக்கோணமாகவும் சாய்சதுரமாகவும் அமைவதற்குக் காரணம், எண்ணித் தைக்கும் ஊசிக்கு இயல்பாக வரும் வடிவங்கள் அவைதான் என்பது. பட்டுத் துணியின் நூலை நீங்கள் அப்படி எண்ண முடியாது. அது மிக நெருக்கமான நெசவு. ஆனால் பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்துக்கு வாங்குவார்களே, அந்த மேட்டித் துணியில் ஒரு சாண் வாங்கி, வாரத்தில் ஒரு நாள் வரையாமல், எண்ணி மட்டும் தைத்துப் பாருங்கள். டிரேசிங் தாளை விட்டுவிடச் சொல்லவில்லை. தாள் இல்லாமல் கை எங்கே போகிறது என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கையின் சொந்தச் சாய்வு என்ன என்பது அங்கேதான் வெளிப்படும்.

வடிவத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது துணி அன்று, தரை. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை ஒட்டிய ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர்களின் கொட்டகையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூவின் கோடுகளையே மதில்களாகக் கொண்ட அச்சை இறக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமென்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவர் கை நடுங்குவதில்லை. சிவப்பு ஊற்றிய கரண்டி பச்சை அறைப் பக்கம் போவதில்லை. அச்சை நேராக மேலே தூக்கிய அந்தக் கணத்தில், நிறங்கள் ஒன்றோடொன்று மெல்லச் சாய்ந்து தொட்டுக்கொள்கின்றன. அதன் மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்சவைத்து, பின்னால் காரையை அடைத்து, காயவைத்து, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் போடுகிறார்கள். சூளையும் இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடியைப்போலவே வழவழவென்று வருகிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நான் கவனித்தது, பல கற்களில் முழுப் பூ இல்லை என்பதை. ஒரு மூலையில் கால்பாகப் பூ இருக்கும். தனிக்கல்லாகப் பார்த்தால் ஏதோ பாதியில் விட்ட வேலை போலத் தோன்றும். நான்கு கற்களைச் சேர்த்து வைத்தால் நடுவில் பூ முழுமையாகும். ஆகவே பூ எந்தக் கல்லிலும் இல்லை; கற்கள் கூடுகிற இடத்தில் இருக்கிறது. ரவிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. ரவிக்கை என்பதே துண்டுகள் கூடுகிற இடங்களால் ஆனது: கொக்கி மாட்டும் பட்டி, தோள் மூட்டு, கையும் உடம்பும் சேரும் இடம், கைகட்டிக்கொண்டு நின்றால் ஒன்றோடொன்று ஒட்டும் இரண்டு கை ஓரங்கள். நாம் என்ன செய்கிறோம்? முதுகின் நடுவில் பெரிய மயிலை வைத்துவிட்டு, மூட்டுகளிடம் வரும்போது வேலையை நிறுத்திவிடுகிறோம். பின்கழுத்தில் கொக்கி வைக்கும் ரவிக்கை வந்தால், இடப்பக்கத் துண்டில் அரைப்பூ, வலப்பக்கத் துண்டில் அரைப்பூ வைத்து, கொக்கி மாட்டினால் மட்டும் பூ முழுமையாகும்படி செய்யுங்கள். தையல்காரரோடு பேசி மடிப்புக்கு விடும் அளவை முன்னதாகவே சரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அரை நூல் பிசகினாலும் பூ கோணிப்போகும். அந்தத் தொல்லைக்குத் தகுந்த பலன் உண்டு.

இணைக்கும் இடத்தை மறைப்பதா காட்டுவதா என்பதில் காஞ்சிபுரத்துக்காரர்கள் வெகுகாலத்துக்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். உங்களிடம் வரும் புடவையில் உடல் ஒரு நிறம், முந்தானை வேறொரு நிறம் என்றிருந்தால், இரண்டும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். மெல்லிய மேடுபோல ஒரு வரி விரலுக்குத் தட்டுப்படும். அதைப் பேட்னி என்கிறார்கள். உடலின் பாவு நூல்கள் முடிகிற இடத்தில், முந்தானை நிறத்துப் பாவு நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சிறிது தூரம் இரண்டு பாவும் உடன் ஓட நெய்து, பழைய பாவை விட்டுவிட்டுப் புதிய பாவில் தொடர்வதால் வரும் வரி அது. கோர்வைக் கரையும் அதே குணம்தான்: உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலை ஓட்டும் தறிக் கருவி), இரண்டு கரைகளுக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடாக்களை இரண்டு பேர் உட்கார்ந்து கையால் கோத்து நெய்தால்தான் கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் சுத்தமாக நிற்கும். இந்த உழைப்பை யாரும் ஒளித்துவைக்கவில்லை; புடவையை வாங்கத் தெரிந்த பாட்டிமார் முதலில் புரட்டிப் பார்ப்பதே அந்த வரியைத்தான். உங்கள் வேலையில் ஒட்டுத் துணி வைக்க வேண்டிவந்தால், மூட்டைச் சமிக்கியால் மூடி மறைப்பதற்குப் பதிலாக, இரண்டு துணிகளின் நிறமும் கலந்து ஓடும் ஒரு விரற்கடை அகலப் பட்டையை அங்கே வேண்டுமென்றே வைத்துப் பாருங்கள்.

நிறம் பற்றி ஒரு நாள் முழுவதும் பேசலாம், சுருக்கமாகவே சொல்கிறேன். கைப்பேசியில் பார்க்கும் நிறத்துக்கு எண் இருக்கிறது. நம் புடவைக்கடையில் பார்க்கும் நிறத்துக்குப் பெயர் இருக்கிறது. அரக்கு, கத்திரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, பாக்கு, மயில்கழுத்து. எம். எஸ். சுப்புலட்சுமி உடுத்திய ஒரு நீலம், அவருக்காக அதை நெய்துகொடுத்த காஞ்சிபுரத்து முத்துச் செட்டியாரின் கைவண்ணத்தால், இன்றும் எம். எஸ். நீலம் என்றே கேட்டு வாங்கப்படுகிறது. பெயருள்ள நிறத்துக்கு ஒரு பொருள் பின்னால் நிற்கிறது; அந்தப் பொருளில் ஒரு நிறம் மட்டும் இருப்பதே இல்லை. கத்திரிப்பூவை நேரில் பாருங்கள்: ஊதா இதழ், நடுவில் மஞ்சள், காம்பருகே சாம்பல் படிந்த பச்சை. வெங்காயச் சருகில் இளஞ்சிவப்பும் செம்பும் பழுப்பும் அடுக்கடுக்காக இருக்கும். அதையே நூல் நிறங்களாக எடுத்தால், எந்த நிறத்துக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும். ஓர் அட்டைத் துண்டில் நூல்களை அந்தந்த விகிதத்தில் சுற்றி, மேலே அந்தப் பொருளின் பெயரை எழுதி வையுங்கள். மயில்கழுத்து ஒரு தனி நிறமே அன்று. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்வதால் அசையும்போதெல்லாம் மாறித் தெரிகிற மயக்கம். ஆரியில் அதைக் கொண்டுவர, பட்டு நூலின் இழைகளில் பாதி நீலம், பாதி பச்சையாகச் சேர்த்து முறுக்காமல் ஊசியில் எடுத்துத் தைத்தால் போதும்.

அளவு பற்றியும் ஒன்று. சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகில் கை வைக்குமுன், செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி எடுத்து, அதைப் பல பாகங்களாக மடித்து அளவுகோலாக்கிக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இத்தனை பாகம், கழுத்து இத்தனை பாகம் என்று சிற்ப சாத்திரம் சொல்லும் கணக்கு அந்த மடிப்புகளில் இருக்கிறது. ஒரு சாண் உயரத் திருமேனியானாலும் ஓராள் உயரமானாலும் ஓலைதான் மாறும், மடிப்பு மாறாது. நாம் பெரும்பாலும் ஒரே டிரேசிங் தாளை எல்லா முதுகுக்கும் வைத்து, மெலிந்தவருக்கு வேலை பிதுங்கி வழிவதாகவும் பருத்தவருக்கு நடுவில் தனித்துக் கிடப்பதாகவும் செய்துவிடுகிறோம். ரவிக்கை அளவு எடுக்கும்போது அவர் முதுகு அகலத்துக்கு ஒரு நாடாத் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக, மூன்றாக, ஐந்தாக மடித்துப் பாருங்கள். கழுத்து வளைவின் ஆழம், பூக்களுக்கிடையே விடும் தூரம், கைப்பட்டையின் அகலம் எல்லாவற்றையும் அந்த மடிப்புகளிலிருந்தே எடுங்கள். அந்த ரவிக்கை அந்த ஒருவருக்கே பிறந்ததுபோல் உட்காரும்.

கோலத்தை நான் கடைசியாக வைத்ததற்குக் காரணம், எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள் என்பது. கோலத்தை அப்படியே துணிக்கு மாற்றும் வழக்கம் ஏற்கெனவே சலித்துப்போய்விட்டது. ஆனால் சிக்குக் கோலத்தின் விதி சலிப்பதில்லை: புள்ளியைத் தொடாமல், புள்ளியைச் சுற்றி, ஒரே இழையாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் இந்தக் கோலங்களைக் கணினி இலக்கணமாகவே வரையறுத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். வாசலில் அம்மா யோசிக்காமல் போடுகிற இழைக்குள் அவ்வளவு ஒழுங்கு இருக்கிறது. நீங்கள் ஆரியில் போடுவதும் அறுபடாத சங்கிலிதானே. ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வையுங்கள். புள்ளிக்கு வெள்ளை மணி. அதைச் சுற்றி நூலை எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகச் சங்கிலித் தையல் போட முயலுங்கள். முதல் தடவை எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வர நீங்கள் போடும் வளைவு எந்தக் கோலப் புத்தகத்திலும் இருக்காது.

அரைமணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டீர்கள். என் யோசனை, வாரத்துக்கு ஒரே ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வது. முறம், மூங்கில் தட்டு, பனையோலைக் கொட்டான் என்னும் சிறு கூடை, பவானி ஜமுக்காளம், பூக்காரம்மா தொடுத்துக்கொடுத்த சரம், எதுவாகவும் இருக்கலாம். முதல் இரண்டு நாள் வரையவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். புரட்டுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள், எண்ணுங்கள், எங்கே ஆரம்பித்து எங்கே முடித்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பிறகு ஒரு நாள் நினைவிலிருந்து வரையுங்கள்; நினைவில் தங்காத பகுதி நீங்கள் உண்மையில் பார்க்காத பகுதி. அடுத்து, கிழிசல் துணியைச் சட்டத்தில் மாட்டி ஒரு கையகல மாதிரி தையுங்கள். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அதை வெட்டி நோட்டில் ஒட்டி, எந்தப் பொருளிலிருந்து எந்தக் காரணத்தை எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஓராண்டில் ஐம்பது மாதிரி சேரும். அதில் முப்பது உருப்படாது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமுள்ள இருபதும் உங்களுடையவை. வாடிக்கையாளர் வந்தால் கைப்பேசிக்கு முன்னால் அந்த நோட்டை நீட்டுங்கள்.

பழைய சாமான்களைத் தள்ளிவிடாதீர்கள். செட்டிநாட்டுக் கொட்டான் பின்னல் வழக்கொழியும் நிலையில் இருந்தபோது, காரைக்குடியில் விசாலாட்சி ராமசாமியின் முயற்சியால் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அது மீட்கப்பட்டது. அப்படி மீட்பதற்கு வீடுகளில் எஞ்சியிருந்த பழைய கொட்டான்கள்தான் கைகொடுத்தன. உங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கிழிந்த புடவை இருந்தால், கிழிந்த இடத்தில்தான் நெசவு பிரிந்து உள்விவரம் தெரியும்; நல்ல புடவையில் அது தெரியாது. சென்னைக்குப் போகும் வாய்ப்பு வந்தால் முட்டுக்காட்டில் 1996-இல் தொடங்கிய தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு நாள் செலவிடுங்கள். பழைய வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், கைவேலை செய்கிறவர்களும் அங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

எடுப்பதிலும் ஒரு வரம்பு உண்டு என்பதை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் பெற்றது. அந்தப் பெயர்களைச் சொல்லி நாம் செய்ததை விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. தோடர்கள் போர்த்துகிற பூத்துக்குளி என்னும் சால்வை, இறந்தவரின் உடலைப் போர்த்துவதற்கும் உரியது. அந்தப் பூத்தையல் உருவங்களைக் கால்மிதியில் அச்சடித்து விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கூசுகிறது. எண்ணும் முறையை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய உருவங்களை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பாய்க்காரர் வீட்டுக்கோ நெசவாளர் வீட்டுக்கோ போனால், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு முதலில் ஏதாவது வாங்குங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பேரம் பேசாமல் வாங்கியவருக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கும் நுணுக்கம், கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்காது.

புதுப்புது டிசைன்கள் அனுப்புகிற கட்டணக் குழு ஒன்றில் மாதச் சந்தா கட்டிச் சேரலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சேர வேண்டாம். அதே படங்கள் உங்கள் ஊரில் ஆரி வேலை செய்யும் எல்லோருக்கும் அதே காலையில் வந்து சேரும். அந்தப் பணத்துக்கு ஒரு கட்ட நோட்டும், அரை மீட்டர் மேட்டித் துணியும், பத்தமடையில் ஒரு சின்னத் தடுக்கும் வாங்குங்கள். தடுக்கை வாங்கி வந்த அன்றே பின்பக்கம் திருப்பி, கரையோரத்தில் கோரையை எப்படி மடக்கி முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ரவிக்கையின் கை ஓரத்துக்கு அது நேராகவே உதவும்.